ஒன்றும் சேர்க்காத ஒயின்

என் தங்கை குடிக்கவிருந்த ஒயினில் அவளுக்குத் தெரியாமல் ஒரு பொடியைக் கலந்தேன். அவளுக்கு மூச்சு முட்டியது. மருத்துவமனையில் கிடந்தாள். என்ன காரணம் என்று எல்லோரும் என்னைக் கேட்டபோது, பழியை அவள் கணவர் மேல் போட்டேன்.

முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை எழுதுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

நான் பழப் பாதுகாப்பு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். ஜாம், ஸ்குவாஷ், ஊறுகாய். பிளம்ஸ் காலத்தில் மலைக் கிராமங்களில் பெண்களைக் கூட்டி வைத்து வகுப்பு நடத்துவேன். ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்ட இடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்று முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை, கே.எம்.எஸ். பவுடர் என்பார்கள். வெள்ளையாக இருக்கும், தீக்குச்சியை உரசியதும் வருமே, அந்த நெடி அடிக்கும். பழச்சாற்றில் அதைக் கொஞ்சம் போட்டால் நுரைக்காது, கறுக்காது, கெடாது. நான் அந்தப் பொடியை நம்பினேன். எனக்குச் சோறு போட்டது அதுதான்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீடு நாயுடுபுரத்தில். தங்கையும் அவள் கணவரும் பேத்துப்பாறைப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஓர் உறைவிடப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அவர்களோடு அங்கே போய்விடுவேன். சாப்பிட்டு, தூங்கி, இருட்டுவதற்குள் பஸ் பிடித்துத் திரும்புவேன். குடும்பம் என்று எனக்கு இருந்தது அதுதான்.

அவர் வீட்டில் ஒயின் போடுவார். எங்கள் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் கிறிஸ்துமஸுக்குப் போடுவதுதான். ஆனால் மற்றவர்கள் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கோதுமையும் போடுவார்கள். இவர் ஒன்றும் போடமாட்டார். மலைக்குக் கீழே இருந்து வரும் பன்னீர் திராட்சை, அதுவும் மருந்தடிக்காததாக இருக்க வேண்டும். பஜாரில் பழக்கடை வைத்திருக்கும் பாயிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பார். பாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அலுத்துக்கொள்வார்.

“சார், ஊரே நல்ல பழமா குடுங்குது. உங்க மாப்ளைக்கு மட்டும் வண்டு ருசி பாத்த பழமா வேணும். நான் எங்க போயி வண்டுகிட்ட சர்டிபிகேட் வாங்குறது?”

பழத்தை அவர் கழுவவும் மாட்டார். தோல்மேல் சாம்பல் பூத்தது போல ஒன்று படிந்திருக்கும். பொங்கவைப்பது அதுதான் என்பார். கையாலேயே பிசைந்து, தோலும் கொட்டையுமாக ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, குளிருக்குக் கோணிச்சாக்கைச் சுற்றி, அடுப்படிக்குப் பின்னால் இருந்த அறையில் வைப்பார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கதை சொல்வார்.

அந்த ஒயினைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடை ஒயின் எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. வடித்த புதிதில் நாக்கு நுனியில் லேசாகக் குத்தும். சில வாரம் போனால் அந்தக் குத்தல் அடங்கி, பழத்தின் பன்னீர் வாசனை மேலே வரும். விழுங்கிய பிறகு தோலின் துவர்ப்பு ஈறில் நிற்கும். ஒரே ஜாடியில் எடுத்ததுதான், ஆனால் போன ஞாயிறு குடித்தது இந்த ஞாயிறு இருக்காது. கலங்கலாக இருக்கும். பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் என்று நான் கேலி செய்வேன். சின்னக் கண்ணாடி டம்ளரில் ஆளுக்குக் கொஞ்சம். கூட, மலைப்பூண்டு தட்டிப்போட்டு வறுத்த மாட்டுக்கறி. அடியில் தங்கும் வண்டலை என் தங்கை யாருக்கும் விடமாட்டாள். அதில்தான் ருசியெல்லாம் இருக்கிறது என்று டம்ளரைச் சாய்த்து, அண்ணாந்து குடிப்பாள்.

நான் உள்ளே நுழையும்போதே மாப்பிள்ளை ஆரம்பிப்பார்.

“வாங்க மச்சான். இந்த வாரம் எத்தனை பழத்தப் பொணமாக்கி பாட்டில்ல அடைச்சீங்க?”

“உங்க ஜாடில உசுரோட என்னென்ன நெளியுதோ மாப்ளே. அதக் குடிக்கிறதுக்கு என் பொணம் தேவலாம்.”

“நம்மகிட்ட நோ பவுடர், நோ சுகர், நோ லெக்சர்.”

“ரெண்டு பேரும் வாய மூடிட்டுக் குடிங்க,” என்பாள் தங்கை. “திங்கிற எடத்துல பொணம் கிணம்னுக்கிட்டு.”

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மலைக்குளிரில் அது கூடும், குறையும். ஒரு முறை மதுரையில் ஒரு கல்யாணத்தில் கடை ஒயின் குடித்து அவஸ்தைப்பட்டிருக்கிறாள். அதிலிருந்து கடைப் பாட்டிலைத் தொடுவதில்லை.

“ரெண்டு வாய் குடிச்சாப் போதும்ணே, நெஞ்சுக்குள்ள கயித்தப் போட்டு இறுக்குற மாதிரி இருக்கு. உங்க பவுடர்தான் அது. இவரு போடுறது என்னைய ஒண்ணும் செய்யல பாருங்க.”

“அது ஒன் மனசு. ஒயினுன்னா ஒயினுதான். அம்புட்டுக்கூண்டு பவுடர் என்ன செய்யும்?”

“என் மனசு நெஞ்சுக்குள்ள உக்காந்து கீச்சுக்கீச்சுன்னு கத்துமாக்கும்?”

மாப்பிள்ளை மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. இழுப்பு உள்ள சிலருக்கு இந்தப் பொடி ஆகாது என்று நானே படித்திருக்கிறேன், வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். அவ்வளவு சிறிய அளவில் ஒன்றும் ஆகாது என்பது என் கட்சி. வாழ்நாளெல்லாம் நான் மதித்த ஒரு பொருளை அந்த வீட்டில் விஷம் போலப் பேசினார்கள். அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் இருவரும் கரோல் பயிற்சிக்குக் கிளம்பினார்கள். மாப்பிள்ளை ஒயினை வடித்துப் பெரிய ஜாடியில் வைத்திருந்தார். மறுநாள் பாட்டிலில் ஊற்ற வேண்டும்.

“மச்சான், துணி அவுந்துறாம பாத்துக்கங்க. பூச்சி விழுந்துறப் போகுது. வெரசா வந்துருவோம்.”

அவர்கள் போன பிறகு நான் அந்த அறைக்குள் போனேன். பொட்டலம் பையில் இருந்தது. இவளுக்கு மனசா, நெஞ்சா என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். தெரியாமல் குடிப்பாள், ஒன்றும் ஆகாது, ஈஸ்டர் அன்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிக்கலாம். கரண்டியால் பொடியை அள்ளி, கொஞ்சம் ஒயினில் கரைத்து, ஜாடியில் ஊற்றிக் கலக்கினேன். அளவைப் பற்றி யோசிக்கவில்லை. கை பழகியிருந்தது.

கை பழகியிருந்தது ஸ்குவாஷுக்கு. ஸ்குவாஷில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துத்தான் குடிப்பார்கள். பாட்டிலில் எவ்வளவு இருந்தாலும் டம்ளருக்கு வரும்போது குறைந்துவிடும். ஒயினில் யாரும் தண்ணீர் சேர்ப்பதில்லை. இது என் தொழிலில் முதல் பாடம். அது எனக்கு அன்று நினைவுக்கு வரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் வீடு நிறைய ஆட்கள். பெங்களூரிலிருந்து அவர்கள் மகள் வந்திருந்தாள். வத்தலக்குண்டிலிருந்து எங்கள் சித்தி, அவர் பிள்ளைகள். மாப்பிள்ளை எல்லோருக்கும் ஊற்றிக்கொடுத்துவிட்டுத் தன் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்சம் நின்றார்.

“தீக்குச்சி வாசம் மாதிரி வருதுல்ல?”

“கோயில்ல மெழுகுவத்தியா ஏத்துனீங்கள்ல,” என்றேன். “அது உங்க மூக்குல ஒட்டிக்கிட்டு வந்துருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் குடித்தார். தடுத்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

தங்கை ஒரு டம்ளர் குடித்தாள். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இழுப்புக்கு வைத்திருந்த பம்ப்பை எடுத்து வந்து வாயில் அடித்தார்கள். திரும்ப அடித்தார்கள். அவள் உதடு நிறம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காரில் ஏற்றி மலைப்பாதையில் டவுனுக்குக் கொண்டுபோனோம். முழுவதும் டூரிஸ்ட் வண்டிகள். மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வழி விடுங்க வழி விடுங்க என்று கத்திக்கொண்டே வந்தார். அதுவரை அவர் கத்தி நான் கேட்டதில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஆக்சிஜன் வைத்தார்கள், சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மருத்துவமனை வராந்தாவில் அந்தக் கேள்வி வந்தது. சித்தி கேட்டார்.

“ஏப்பா, நீ படிச்சவன். நல்லாத்தான இருந்தா புள்ள. என்னத்துல வந்துச்சு இது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் பார்த்தார்.

“பாதுகாப்புக்கு ஒண்ணும் போடாம வச்சா பூஞ்சை பிடிக்கும்,” என்றேன். “கண்ணுக்குத் தெரியாது. சில பேருக்கு அது நெஞ்சைப் பிடிச்சிரும்.”

வகுப்பில் பேசுவது போலவே சொன்னேன். மாப்பிள்ளை சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் உண்மை வாயில் வந்திருக்குமோ என்னவோ. அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பியதும் இருந்த ஒயின் முழுவதையும் வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஊற்றினார். ஜாடிகள் கனமானவை. நானும் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன். மண் சிவந்து, கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிட்டது. ஜாடிகளை ஊறுகாய் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். சாப்பிட்டோம். கறி அதே ருசியில்தான் இருந்தது. குடிக்க வெந்நீர் வைத்தார்கள். மாப்பிள்ளை என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். உடம்புக்கு எப்படி இருக்கு மச்சான், பஸ்ஸு கெடச்சுச்சா மச்சான் என்று மரியாதையாகக் கேட்பார்.

அடுத்த வருடம் திராட்சைக் காலத்தில் தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணே, அது ஒயினால வந்துச்சுன்னு எனக்குத் தோணலண்ணே. அன்னைக்கு வேற என்னமோ. எத்தனை வருசமா குடிக்கிறேன். நான் சொன்னா அழுகிறாரு மனுசன். நீங்க சொல்லுங்க அவருகிட்ட. நீங்க சொன்னா கேப்பாரு.”

“பாப்போம்,” என்றேன்.

சொல்லவில்லை. அவள் மறுபடி கேட்கவும் இல்லை. சில வருடங்கள் கழித்து ஒரு பனிக்காலத்தில் காய்ச்சல் வந்து, சளி நெஞ்சில் இறங்கி, அவள் இறந்துபோனாள். அதற்கும் அந்தக் கிறிஸ்துமஸுக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். மாப்பிள்ளை அதைக் கேட்டுத் தலையாட்டினார், நம்பவில்லை. கல்லறையில் மண் போடும்போது எனக்கு அழுகை வரவில்லை. குளிர்கிறது என்று மட்டும் தோன்றியது. இன்றும் அதற்கு மேல் எதையும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

நான் வாயைத் திறந்தது போன வருடம். அதுவும் என் மனசாட்சி தானாக எழுந்து அல்ல. மாப்பிள்ளைக்கு இருமல். வாரக்கணக்கில் விடவில்லை. சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார். மகள் போனில் கெஞ்சியும் டாக்டரிடம் போகவில்லை. நீங்கள் சொல்லிப் பாருங்கள் மாமா என்று என்னிடம் சொன்னாள். காலையில் பஸ் ஏறிப் போனேன். அவர் அடுப்படியில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார்.

“கெளம்புங்க மாப்ளே. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“வேணாம் மச்சான்.”

“ஏன் வேணாம்?”

“அவ நெஞ்ச நான் கெடுத்தேன். இப்ப எனக்கு வந்துருக்கு. வரட்டும். ஃபேர்தான் அது.” சாதாரணமாகச் சொன்னார். பீன்ஸை உரித்துக்கொண்டே சொன்னார்.

நான் எதிரே உட்கார்ந்து சொன்னேன். பொட்டலம், கரண்டி, கலக்கியது, மெழுகுவத்தி என்று சொன்ன பொய், வராந்தாவில் சொன்ன பொய். கோர்வையாகத்தான் சொன்னேன்.  அவர் கை நின்றுவிட்டது.

“எதுக்குப் போட்டீங்க?”

“அவ சொன்னது நெசந்தானான்னு பாக்க.”

“பாத்தீங்கள்ல?”

“பாத்தேன்.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஆனா ஒயினால இல்லன்னு அவ சொன்னா. உங்ககிட்டச் சொல்லச் சொல்லி என்கிட்டக் கேட்டா.”

“எப்ப?”

“அடுத்த வருசமே.”

அவர் கொஞ்ச நேரம் இருமினார். இருமல் நின்ற பிறகு, “அதையுமா சொல்லல நீங்க?” என்றார்.

நான் ஒரு பீன்ஸை எடுத்து உரிக்கப் பார்த்தேன்.

“எந்திரிச்சுப் போங்க சார்,” என்றார்.

அவர் என்னை அதற்கு முன் சார் என்று கூப்பிட்டதில்லை. நான் எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். பஸ் வர நேரமானது. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கும் என்பார்களே, அப்படி ஒன்றும் இறங்கவில்லை.

அந்த வாரமே அவர் தனியாக மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். நெஞ்சில் தொற்று, மாத்திரையில் சரியாகிவிடும் என்றார்களாம். மகள் போன் செய்தாள்.

“மாமா, நாங்க இத்தனை நாள் கெஞ்சினோம். நீங்க என்ன மேஜிக் பண்ணீங்க?”

அவளிடமும் சொன்னேன்.  சற்று நேரம் பெங்களூர் தெருச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

தங்கையின் நினைவுநாள் ஜெபத்துக்கு என்னை அழைக்க மாட்டார்கள் என்று இருந்தேன். மாப்பிள்ளையே போன் செய்தார்.

“வாங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரில யார் யார் இருந்தாங்களோ அவுகளும் வர்றாங்க. அன்னைக்கு சொன்னீங்கள்ல, அதே மாதிரி இதையும் அவுக முன்னாடி சொல்லிருங்க.”

ஜெபம் முடிந்து, பரிமாறுவதற்கு முன் எழுந்து நின்று சொன்னேன். என்ன நடக்கும் என்று இரண்டு மூன்று விதமாக யோசித்துப் போயிருந்தேன். யாரும் கத்தவில்லை. எங்களுக்குத் தம்பி முறையான ஒருவன், “எனக்கு அப்பவே ஒரு டவுட்டு” என்றான். அவனுக்கு அப்போது எந்த டவுட்டும் இல்லை. சித்தி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

“போனவ போயிட்டா. இத்தனை பேரு பசியோட உக்காந்துருக்கையில இப்ப எதுக்குப்பா இது? கொழம்பு ஆறுது.”

மகள் என் இலைக்குச் சோறு வைத்தாள், முகத்தைப் பார்க்காமல். மாப்பிள்ளை மட்டும் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் ஒரு முறை தலையாட்டினார். அது எனக்கா, யாருக்கு என்று தெரியவில்லை.

இன்னும் ஏதாவது செய்ய வேண்டும் என்றிருந்தது. திராட்சைக் காலம் வந்தபோது பாயிடம் சொல்லி, மருந்தடிக்காத பன்னீர் திராட்சை வரவழைத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினேன். கூடை கடைக்கே திரும்பி வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து பஜாரில் பாய் என்னை நிறுத்தினார்.

“என்ன சார் உங்க குடும்பமே ஒரு தினுசா இருக்கு? நீங்க அனுப்புனதத் திருப்பி விட்டாரு. நேத்து வெள்ளனே அவரே வந்து காசு குடுத்து அதே கூடையத் தூக்கிட்டுப் போறாரு. ஏன் சார், இதத்தான் முந்தாநாளே குடுத்தேன்னா, அது வேற, இது வேறங்குறாரு.”

“வேறதான் பாய்,” என்றேன்.

அதன் பிறகு மாதங்கள் போயின. நான் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு கோயில் முடிந்து வெளியே வரும்போது மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தார். “வர்றதுன்னா வாங்க” என்றார். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். பேசவில்லை.

வீட்டில் புது ஜாடி இருந்தது. அவர் ஒரு டம்ளரில் ஊற்றி, முகர்ந்து, முதலில் தானே குடித்தார்.  பிறகு இன்னொரு டம்ளரில் எனக்கு ஊற்றினார்.

கலங்கலாக இருந்தது. நாக்கில் இன்னும் குத்தியது. பன்னீர் வாசனை அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. துவர்ப்பு ஈறில் நின்றது. தங்கை போனதிலிருந்து எதைத் தின்றாலும் குடித்தாலும் எனக்கு ருசி என்று ஒன்று தெரிந்ததில்லை. இது தெரிந்தது. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ருசி தெரிந்தது, அவ்வளவுதான்.

“நல்லா வந்துருக்கு,” என்றேன்.

“தெரியும்,” என்றார்.

இப்போது ஞாயிறுதோறும் போகிறேன். கொஞ்சம் குடிக்கிறோம், சாப்பிடுகிறோம். கேலி கிண்டல் இல்லை. கூப்பிட வேண்டி வந்தால் எந்த முறையும் சொல்லாமல் கூப்பிடுகிறார். நடுவில் அவருக்கு ஏதாவது எடுக்கப் போக வேண்டியிருக்கும். தோட்டத்தில் மல்லித்தழை பறிக்க, கேட்டுக்கு வந்த பால்காரரிடம் பேச. அப்போது என்னை ஜாடி இருக்கும் வீட்டுக்குள் தனியாக விட்டுவிட்டுப் போகமாட்டார். வாசலில் நின்று, “நீங்களும் வாங்க” என்பார். கோபமாகச் சொல்வதில்லை. நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து கூடப் போகிறேன்.